வாட்சனின் 'இரட்டைச் சுருள்': ஒரு சாட்சி நூலை ஆராய்தல்

உயிரியல் ஆய்வைப் பற்றிய நூல் ஒன்றை இறையியல் ஏட்டில் திறனாய்வு செய்ய முற்படுவது வாசகர் சிலர்க்கு வியப்பளிக்கக்கூடும். ஆயினும் ஜேம்ஸ் வாட்சன் 1968ஆம் ஆண்டில் வெளியிட்ட 'இரட்டைச் சுருள்' வெறும் உயிரியல் நூலன்று. டி.என்.ஏ. என்னும் மூலக்கூறின் அமைப்பு 1953ஆம் ஆண்டில் எவ்வாறு கண்டறியப்பட்டது என்பதை, அதில் பங்குகொண்ட ஒருவரே பதினைந்து ஆண்டுகள் கழித்து எழுதிய சாட்சி நூல் அது. சாட்சி நூல்களை ஆராயும் முறையோ நம் மாணவர் நாள்தோறும் பயிலும் முறை. எழுதியவர் யார்? எப்போது எழுதினார்? எவருக்காக எழுதினார்? எவற்றை நேரிற் கண்டார், எவற்றைக் கேள்வியால் அறிந்தார்? அவருக்கு முந்திய ஏடுகள் யாவை? யாருடைய குரல் அதில் கேட்கவில்லை? நற்செய்தி நூல்களை ஒப்புநோக்கிப் படிக்கையில் நாம் தயங்காது எழுப்பும் இவ்வினாக்களை, அறிவியலார் தம்மைப் பற்றி எழுதும் வரலாற்றின்முன் மட்டும் எழுப்பாது விட்டுவிடுகிறோம்.

இவ்வாராய்ச்சிக்குக் காலமும் ஏற்றதாக உள்ளது. அக்கதையின் முதன்மை மாந்தர் நால்வர். அவருள் ரோசலிண்ட் பிராங்ளின் 1958இலும், பிரான்சிஸ் கிரிக், மாரிஸ் வில்கின்ஸ் ஆகிய இருவரும் 2004இலும் மறைந்தனர். 2025 நவம்பரில் வாட்சனும் தமது 97ஆம் வயதில் காலமானார். நால்வரும் போயினர்; இனி ஏடுகளே பேச வேண்டும்.

நம் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறோம். இந்நூல் தன்னை எழுதியவரைப் பற்றி வியத்தகு நேர்மையுடன் பேசுகிறது. அவருடன் உழைத்த அயலாரைப் பற்றி அந்நேர்மையுடன் பேசவில்லை. அதனினும் பெரிய தீங்கு ஒன்று உண்டு. பலருடைய பல்லாண்டு உழைப்பால் விளைந்த ஓர் அறிவை, ஒரு படத்தை ஒருவர் ஒரு நொடி கண்டதால் விளைந்ததாக அது காட்டுகிறது. அவ்வோவியத்தை நூலின் பகைவரும் நம்பிவிட்டனர் என்பதே நாம் காட்ட விரும்புவது.

டி.என்.ஏ. என்பது யாது?

பொருளை அறியாதவர் அதைக் கண்டறிந்த வரலாற்றை எடைபோட இயலாது. ஆகவே அடிப்படைச் செய்திகளைச் சுருக்கமாகக் கூறுவது தேவையாகிறது.

1869ஆம் ஆண்டில் பிரீடரிக் மீஷர் என்னும் சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர், ஜெர்மனியின் டூபிங்கன் நகரில், புண்கட்டுத் துணிகளில் படிந்த சீழிலிருந்து உயிரணுக்களைப் பிரித்து, அவற்றின் கருவினுள் பாஸ்பரஸ் மிகுந்த ஒரு பொருள் இருப்பதைக் கண்டார். பின்னர் டி.என்.ஏ. எனப் பெயர் பெற்றது அதுவே. நெடுங்காலம் அது உயிரணுவின் சிறப்பற்ற பொருள் என்றே கருதப்பட்டது. மரபுப் பண்புகளைச் சுமப்பது புரதமாகவே இருக்க வேண்டும் என்பது பெரும்பாலோர் எண்ணம். 1944ஆம் ஆண்டில் நியூயார்க்கின் ராக்பெல்லர் ஆய்வு நிலையத்தில் ஆஸ்வால்டு ஏவரியும் அவர்தம் துணைவர் இருவரும் அவ்வெண்ணத்தை அசைத்தனர். தீங்கற்ற நிமோனியா நுண்ணுயிர்களைத் தீங்குள்ளவையாக மாற்றும் பொருள் டி.என்.ஏ.வே என அவர்கள் காட்டினர். 1952இல் ஹெர்ஷியும் சேசும் வைரசுகளைக் கொண்டு செய்த சோதனை அதை உறுதிப்படுத்தியது.

இம்மூலக்கூறை முறுக்கிய நூலேணி ஒன்றுக்கு ஒப்பிடலாம். ஏணியின் இரு பக்கக் கயிறுகளும் சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாறி மாறி அமைந்த இரு சங்கிலிகள். அக்கயிறுகளை இணைக்கும் படிகள் காரங்கள் எனப்படும் பொருள்களால் ஆனவை. காரங்கள் நான்கு வகைப்படும்: அடெனின், தைமின், குவானின், சைட்டோசின். ஒவ்வொரு படியும் இரு காரங்கள் கைகோத்து நிற்பதால் உண்டாகிறது. அடெனின் தைமினோடு மட்டும் சேரும். குவானின் சைட்டோசினோடு மட்டும் சேரும். அடெனினும் குவானினும் பெரியவை. மற்றை இரண்டும் சிறியவை. ஒவ்வொரு படியிலும் பெரியது ஒன்றும் சிறியது ஒன்றும் சேர்வதால் எல்லாப் படிகளும் ஒரே நீளமாயிருக்கின்றன. ஏணி எங்கும் பிதுங்காமலும் சுருங்காமலும் அமைகிறது. ஏறத்தாழப் பத்துப் படிகளுக்கு ஒரு முறை ஏணி முழுச் சுற்றுச் சுற்றி வருகிறது. அதன் அகலம் ஒரு மில்லிமீட்டரை ஐந்து இலட்சம் கூறாக்கினால் அவற்றுள் ஒரு கூறு. இரு சங்கிலிகளும் எதிரெதிர்த் திசையில் செல்கின்றன. ஒன்றன் தலைப்பு இருக்குமிடத்தில் மற்றதன் முடிவு இருக்கும்.

இவ்வமைப்பிலேயே இதன் தொழிலும் அடங்கியுள்ளது. உயிரணு இரண்டாகப் பிரிவதற்குமுன் ஏணியின் இரு சங்கிலிகளும் பிரிகின்றன. ஒவ்வொரு சங்கிலியும் அச்சாக நின்று தன் துணையைப் புதிதாக உருவாக்கிக்கொள்கிறது. அடெனின் உள்ள இடத்துக்கு எதிரே தைமினே வர இயலும் ஆதலால், முன்னிருந்த வரிசை பிழையின்றி மீண்டும் அமைகிறது. இவ்வாறு ஓர் ஏணி ஈரேணிகளாகிறது. ஒவ்வொன்றிலும் ஒரு சங்கிலி பழையது, ஒரு சங்கிலி புதியது. மெசல்சன், ஸ்டால் ஆகிய இருவர் 1958இல் இதைச் சோதனையால் நிறுவினர்.

காரங்களின் வரிசை புரதங்களைச் செய்வதற்கான குறிப்பாகவும் பயன்படுகிறது. உயிரணு வேண்டிய பகுதியை மட்டும் ஆர்.என்.ஏ. என்னும் மற்றொரு மூலக்கூறாகப் படியெடுத்துக்கொள்கிறது. அப்படியில் உள்ள காரங்கள் மும்மூன்றாகப் படிக்கப்படுகின்றன. நான்கு காரங்களை மும்மூன்றாகச் சேர்த்தால் 64 சொற்கள் அமையும். அவற்றுள் 61 சொற்கள் இருபது வகை அமினோ அமிலங்களைக் குறிக்கின்றன. எஞ்சிய மூன்றும் முற்றுப்புள்ளிகளாக நிற்கின்றன. இக்குறிமுறையைத் தெளிவித்ததற்காக 1968ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்ற மூவருள் இந்தியாவிற் பிறந்த ஹர்கோவிந்த் கொரானாவும் ஒருவர்.

மனித உயிரணு ஒன்றினுள் 46 குரோமோசோம்களாகச் சுருண்டு கிடக்கும் டி.என்.ஏ.வை நீட்டினால் ஏறத்தாழ இரண்டு மீட்டர் வரும். தாய்வழி ஒரு தொகுதி, தந்தைவழி ஒரு தொகுதி. ஒவ்வொரு தொகுதியிலும் ஏறத்தாழ 300 கோடிப் படிகள். ஆயினும் இவ்வளவும் தானாக ஒன்றும் செய்வதில்லை என்பதை நம் வாசகர் மனங்கொள்ள வேண்டும். பிரிப்பதற்கும், படியெடுப்பதற்கும், பிழை திருத்துவதற்கும் புரதங்களின் துணை வேண்டும். கண்ணின் உயிரணுவும் கல்லீரலின் உயிரணுவும் ஏறத்தாழ ஒரே வரிசையையே கொண்டிருந்தும் வெவ்வேறு பகுதிகளைப் படிப்பதால் வெவ்வேறு தொழில் புரிகின்றன. ஒரு குணம் 'டி.என்.ஏ.விலேயே ஊறியது' என்று மேடையில் முழங்குவோர் இதனை நினைப்பது நலம்.

நான்கு செய்திகள், பல கைகள்

இவ்வேணியின் அமைப்பைக் கண்டறிய நான்கு செய்திகள் இன்றியமையாதனவாயிருந்தன. கயிறுகள் வெளிப்புறமும் காரங்கள் உட்புறமும் உள்ளன என்பது ஒன்று. சங்கிலிகள் இரண்டே என்பது மற்றொன்று. அவை எதிரெதிர்த் திசையில் செல்கின்றன என்பது மூன்றாவது. காரங்களின் இணைமுறை நான்காவது. இவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, இதனை அறிந்தவர் யார், எவ்வாறு அறிந்தார் என வினவுவதே நூலை ஆராய்வதற்கு நேரிய வழி.

முதற் செய்தி பிராங்ளினுடையது. எக்ஸ் கதிரை ஒரு பொருளின் இழையில் செலுத்தினால் அது சிதறிப் படத்தாளில் புள்ளிகளாகப் பதியும். புள்ளிகளின் அமைப்பைக் கணக்கிட்டு அணுக்களின் அமைப்பை உய்த்துணரலாம். இக்கலையில் தேர்ந்தவராகப் பாரிசிலிருந்து 1951 சனவரியில் இலண்டன் கிங்ஸ் கல்லூரிக்கு வந்த அவர், டி.என்.ஏ.வுக்கு உலர்ந்த நிலை, ஈர நிலை என இரு வடிவங்கள் உண்டு எனப் பிரித்துக் காட்டினார். அதுவரை இரண்டும் கலந்து கிடந்தமையால் படங்கள் தெளிவற்றிருந்தன. நீர் எளிதில் உட்புகுவதைக் கண்டு, பாஸ்பேட்டுகள் வெளிப்புறமே இருக்க வேண்டும் என அவ்வாண்டு நவம்பரிலேயே அவர் முடிவு செய்தார். அம்மாதமே வாட்சனும் கிரிக்கும் கேம்பிரிட்ஜில் மூன்று சங்கிலிகளை உட்புறத்தே வைத்துக் கட்டிய முதல் மாதிரியை, நேரில் வந்து கண்டு, நீரின் அளவைச் சுட்டிக்காட்டி மறுத்தவரும் அவரே.

இரண்டாம் செய்திக்குப் பலர் உரியர். முதன்முதலில் நல்ல படங்களை 1950இல் வில்கின்சும் மாணவர் ரேமண்ட் காஸ்லிங்கும் எடுத்தனர். பிராங்ளினின் அளவீடுகள் இரண்டு சங்கிலிகளுக்கு இடங்கொடுத்தன. உயிரியலில் சிறப்புடையவை இரட்டையாக வரும் என்னும் ஊகத்தால் வாட்சன் இரண்டைத் தேர்ந்தார்.

மூன்றாம் செய்தி கிரிக்கினுடையது. கிங்ஸ் கல்லூரியின் ஆய்வுகளைப் பற்றி மருத்துவ ஆய்வு மன்றத்தின் குழுவினர்க்கு 1952 டிசம்பரில் அளிக்கப்பட்ட அறிக்கை, அக்குழுவில் இருந்த மாக்ஸ் பெருட்ஸ் வாயிலாக அவர் கைக்கு வந்தது. பிராங்ளின் அதில் எழுதியிருந்த படிகச் சமச்சீர் வகையைக் கண்ட மாத்திரத்தில், சங்கிலிகள் எதிரெதிராகச் செல்கின்றன எனக் கிரிக் உணர்ந்தார். அவ்வகையே அவர் ஆய்ந்துவந்த குதிரைக் குருதிப் புரதத்திலும் இருந்தமையால் அது அவர் கண்ணுக்குப் புலப்பட்டது. அளந்த பிராங்ளினுக்குப் புலப்படவில்லை.

நான்காம் செய்தி வாட்சனுடையது. எனினும் அங்கும் அவர் தனித்து நிற்கவில்லை. எர்வின் சார்காப் பல உயிர்களின் டி.என்.ஏ.வைப் பகுத்து, அடெனினும் தைமினும் அளவில் ஒத்திருப்பதையும், குவானினும் சைட்டோசினும் அவ்வாறே இருப்பதையும் முன்னரே வெளியிட்டிருந்தார். பாடநூல்கள் காரங்களின் வடிவைத் தவறாக வரைந்துள்ளன என்று ஜெர்ரி டானகு எச்சரித்தார். அவ்வெச்சரிக்கையை ஏற்று, 1953 பிப்ரவரி 28 அன்று அட்டைத் துண்டுகளை மேசைமீது நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்த வாட்சனுக்கு இணைமுறை தெளிவாயிற்று. அக்காலை அவருடையதே, அதை எவரும் அவரிடமிருந்து பறிக்க வேண்டியதில்லை.

நூலின் தகுதி

நூலின் தகுதிகளை முதலில் ஒப்புக்கொள்வது நீதியாகும். அதற்குமுன் பொதுமக்களுக்காக எழுதப்பட்ட அறிவியலார் வரலாறுகளுள் பல, புனிதர் வரலாறுகளைப் போன்றிருந்தன. அவற்றில் ஆய்வாளர் பொறாமையறியார்; பிழை செய்யார்; பரிசை நினையார். வாட்சன் அத்திரையைக் கிழித்தார். அமெரிக்க அறிஞர் லைனஸ் பாலிங் தமக்கு முந்திவிடுவாரோ என்னும் அச்சத்தையும், அவர் தவறான மாதிரி ஒன்றை வெளியிட்டபோது தாம் கொண்ட மகிழ்ச்சியையும் அவர் மறைக்கவில்லை. 1951 நவம்பரில் பிராங்ளின் ஆற்றிய உரைக்குச் சென்று, குறிப்பெடுக்காமல் இருந்து, நீரின் அளவைத் தவறாக நினைவிற்கொண்டு, அதனால் முதல் மாதிரி நகைப்புக்கிடமாயிற்று என்பதைத் தாமே எழுதியுள்ளார். தம் அறியாமையை இவ்வளவு வெளிப்படையாக அறிவித்த அறிஞர் சிலரே. நடையும் விறுவிறுப்பானது, துறை அறியாதவரும் ஒரே அமர்வில் படித்து முடிக்கலாம்.

நூலின் குறை

கையெழுத்துப் படியைக் கண்ட கிரிக்கும் வில்கின்சும் வன்மையாக எதிர்த்தனர். அதனால் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் அதை வெளியிடாது விட்டது. வேறொரு பதிப்பகம் வெளியிட்டது. நூலுக்கு முன்னுரை வழங்கிய லாரன்ஸ் பிராக், இதில் வரும் மாந்தர் மன்னிக்கும் மனத்தோடு இதைப் படிக்க வேண்டும் என்னும் பொருள்பட எழுதினார். கிரிக்கும் வில்கின்சும் படிக்கலாம், சினக்கலாம், மறுக்கலாம், மன்னிக்கவும் செய்யலாம். ஆனால் அம்மாந்தருள் ஒருவருக்கு அவ்வுரிமை எதுவும் இல்லை. பிராங்ளின் 1958 ஏப்ரல் 16 அன்று, தமது 37ஆம் வயதில், சூல்பைப் புற்றுநோயால் இறந்திருந்தார். மறுமொழி கூற இயலாத ஒருவர்மீதே நூலின் கூரிய சொற்கள் எல்லாம் விழுந்தன.

நூலில் அவர் பெரும்பாலும் அறிஞராக வருவதில்லை. அவர் காதுபட எவரும் அழைக்காத 'ரோசி' என்னும் செல்லப்பெயரால் வருகிறார். அவருடைய உடையும் தோற்றமும் சினமும் பேசப்படுகின்றன. அவருடைய கணக்கீடுகள் பேசப்படுவதில்லை. வில்கின்சின் கீழ்ப் பணிபுரிய வந்தவர், பணிய மறுத்தார் என்பதே அவர்மீது சாட்டப்படும் குற்றம். ஆனால் ஏடுகள் வேறு கூறுகின்றன. துறைத் தலைவர் ஜான் ராண்டல் 1950 டிசம்பரில் பிராங்ளினுக்கு எழுதிய மடலில், டி.என்.ஏ.வின் எக்ஸ் கதிர் ஆய்வு அவரிடமும் காஸ்லிங்கிடமும் மட்டுமே இருக்கும் எனத் தெரிவித்திருந்தார். வில்கின்சுக்கோ இது அறிவிக்கப்படவில்லை. ஒரே வேலை தமதென இருவரும் நேர்மையாகவே நம்பினர். ஒரு தலைவர் இருவரிடம் இரு வேறு சொல் கூறியதால் விளைந்த பிணக்கை, ஒரு பெண்ணின் குணக்கேடாக நூல் விளக்கிவிட்டது.

இதற்கு வாட்சன் கூறும் விடையைக் கருதாமல் விடுவது முறையன்று. பின்னாளில் அறிந்தவற்றைக் கலவாமல், இளைஞனாக அன்று தாம் கண்டவாறே எழுத முயன்றதாக அவர் தொடக்கத்தில் கூறுகிறார். நூலின் இறுதியுரையில், பிராங்ளினைப் பற்றித் தம் முதற்கருத்துகள் பல தவறானவை என ஒப்புக்கொண்டு, அவருடைய ஆய்வின் சிறப்பையும், ஒரு பெண் அறிஞராக அவர் பட்ட துன்பங்களையும், நோயிலும் தளராத உழைப்பையும் போற்றுகிறார். இது உண்மையான வருத்தம் என்றே நாம் கொள்கிறோம். எனினும் தவறெனத் தெரிந்த ஒன்றை நூல் முழுவதும் சுவைபட விரித்து, திருத்தத்தை இறுதியில் ஓரிரு பத்திகளில் அடக்குவது போதுமான பரிகாரமா? வாசகர் நினைவில் நிற்பது கதை; இறுதியுரையன்று. ஒன்பதாம் கட்டளையை விளக்கும்போது, பொய்யெனத் தெரிந்து கூறுவது மட்டும் அயலானுக்கு எதிரான பொய்ச்சாட்சியன்று, பாதியைக் கூறி நிறுத்துவதும் அதுவே என்று நாம் கற்பிக்கிறோமே.

முதற்கணிப்பையே தீர்ப்பாக்கும் இப்பழக்கம் வாட்சனை இறுதிவரை விடவில்லை என்றும் ஐயுறுகிறோம். 2007ஆம் ஆண்டில் ஆப்பிரிக்க மக்களின் அறிவாற்றலைப் பற்றிச் சான்றற்ற இழிமொழி கூறினார். அதே கருத்துகளை மீண்டும் வெளியிட்டமையால், அவர் பல்லாண்டு தலைமை தாங்கிய கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகம் 2019இல் அவருக்களித்த மதிப்புப் பட்டங்களைத் திரும்பப் பெற்றது.

மறுப்போரும் அந்நூலின் மாணவரே

1975ஆம் ஆண்டில் பிராங்ளினின் தோழி ஆன் சேயர் மறுப்பு நூல் ஒன்றை வெளியிட்டார். அதன்பின் மெல்ல மெல்ல வேறொரு கதை பரவிற்று. பிராங்ளினின் மேற்பார்வையில் 1952 மே மாதத்தில் காஸ்லிங் எடுத்த 51ஆம் எண் படத்தை, 1953 சனவரி இறுதியில் வில்கின்ஸ் வாட்சனுக்குக் காட்டினார். அதில் பெருக்கற்குறிபோல் அமைந்த புள்ளிகளைக் கண்டதும் வாட்சனுக்கு எல்லாம் விளங்கிற்று. இவ்வாறு ஒரு பெண்ணின் கண்டுபிடிப்பு திருடப்பட்டது என்பது அக்கதை.

இக்கதையை நாமும் சொல்லியிருக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் கூடுகை ஒன்றில், உழைப்பின் பயனைப் பிறர் உண்பதற்கு எடுத்துக்காட்டாக இதை உருக்கத்தோடு எடுத்துரைத்தோம். கூட்டம் முடிந்ததும், கல்லூரியில் உயிர்வேதியியல் பயின்றுவிட்டு இறையியல் கற்க வந்திருந்த மாணவி ஒருவர் நம்மிடம் வந்து, "ஐயா, அந்தப் படத்தைப் பார்த்தால் எந்தக் காரம் எதனோடு சேரும் என்று தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றோம். "சங்கிலிகள் எதிரெதிராகப் போவது தெரியுமா?" அதற்கும் விடையில்லை. "அப்படியானால் எதைத் திருடினார்கள், ஐயா?" என்று பணிவோடு கேட்டுவிட்டு நின்றார். அன்று நாணமுற்றோம். அக்கேள்வியே நம்மை ஏடுகளுக்கு அனுப்பியது.

அம்மாணவி கேட்டது சரியே. அப்படம் சுருள் வடிவையும், அதன் சில அளவுகளையும் காட்டும்; நாம் மேலே கூறிய நான்கு செய்திகளுள் இறுதி இரண்டைக் காட்டாது. படத்தைக் கண்ட நொடியில் எல்லாம் விளங்கிற்று என்று நமக்குக் கூறியவர் யார்? வாட்சனே! அவருடைய நூலிலுள்ள அந்நாடகக் காட்சியை அப்படியே எடுத்துக்கொண்டு, வீரனைத் திருடனாக மாற்றியதே நாம் செய்தது. காட்சி மாறவில்லை. அதன் விளைவு என்ன? பிராங்ளின், தம் கையிலிருந்த படத்தின் பொருளை எட்டு மாதமாக உணராதவராகிவிடுகிறார். அவரைக் காக்க எழுந்த கதையே அவர் அறிவைச் சிறுமைப்படுத்துகிறது.

முந்திய ஏடுகள் காட்டுவது வேறு. பிராங்ளினின் ஆய்வுக் குறிப்பேடுகளைப் பின்னாளில் ஆராய்ந்த ஆரன் குளூக், 1953 பிப்ரவரி இறுதிக்குள் அவர் தாமாகவே இரு சங்கிலிச் சுருள் என்னும் முடிவுக்கு வந்திருந்ததை எடுத்துக்காட்டினார். மார்ச் 17 எனத் தேதியிட்ட கட்டுரை வரைவு ஒன்றும் கிடைத்தது. காரங்களின் இணைமுறையையும் எதிரெதிர்த் திசையையும் அவர் எட்டவில்லை. அவற்றை அவருக்குரியனவாக்குவதும் பொய்ச்சாட்சியே. 1953 ஏப்ரல் 25 நாளிட்ட 'நேச்சர்' இதழில் ஒன்றல்ல, மூன்று கட்டுரைகள் அடுத்தடுத்து வந்தன: வாட்சனும் கிரிக்கும் எழுதியது ஒன்று, வில்கின்சும் துணைவரும் எழுதியது ஒன்று, பிராங்ளினும் காஸ்லிங்கும் எழுதியது ஒன்று. 2023ஆம் ஆண்டில் மாத்யூ காப், நத்தானியேல் கம்பர்ட் என்னும் வரலாற்றறிஞர் இருவர், புதிதாகக் கிடைத்த மடல் ஒன்றையும் வெளிவராத இதழ்க் கட்டுரை வரைவு ஒன்றையும் கொண்டு, பிராங்ளின் ஏமாற்றப்பட்டவராக அன்றி, நால்வருள் சரிநிகரான ஒருவராகவே காணப்பட வேண்டும் என 'நேச்சர்' இதழிலேயே எழுதினர்.

இதனால் கேம்பிரிட்ஜ் அறிஞர்மீது குறையே இல்லை என நாம் கூறுவதாகக் கொள்ளலாகாது. பிராங்ளினின் அளவீடுகள் தம் மாதிரிக்கு எவ்வளவு அடிப்படையாயிருந்தன என்பதை அவர்கள் தம் கட்டுரையில் தெளிவாக எழுதவில்லை. வெளிவராத முடிவுகளைப் பற்றிய பொதுவான அறிவு தமக்கு ஊக்கமளித்தது என்னும் அளவிலே நிறுத்திக்கொண்டனர். அறிக்கையைப் பயன்படுத்த அவரிடம் கேட்கவுமில்லை. கேட்பதும் கூறுவதும் எளிதாயிருந்தும் செய்யாது விட்டதே குற்றம். 1962இல் கிரிக், வாட்சன், வில்கின்ஸ் மூவரும் நோபல் பரிசு பெற்றபோது பிராங்ளின் இறந்து நான்காண்டுகள் ஆகியிருந்தன. எனினும் அவர் வாழ்ந்த இறுதியாண்டுகள் கசப்பில் கழியவில்லை. பிர்க்பெக் கல்லூரியில் வைரசுகளின் அமைப்பை ஆராய்ந்து புகழ்பெற்றார். கிரிக் இணையருடன் நட்புப் பூண்டு, அறுவை மருத்துவத்திற்குப்பின் அவர்கள் இல்லத்திலேயே தங்கி ஓய்வெடுத்தார். வாட்சனின் 'ரோசி'யும் இவரல்லர். நாம் மேடையில் அழுது காட்டிய பேதையும் இவரல்லர்.

முடிவுரை

இந்நூலை நம் மாணவர் படிக்க வேண்டுமா? படிக்கவே வேண்டும் என்பது நம் கருத்து. ஆனால் இறுதியுரையை முதலிற் படித்துவிட்டுத் தொடங்குக. நூலில் எங்கெல்லாம் ஒருவருடைய குணம் விளக்கமாகத் தரப்படுகிறதோ, அங்கெல்லாம் நிறுத்தி, அப்போது நிறுவனம் என்ன செய்தது எனக் கேட்க. எங்கெல்லாம் ஒரு நொடியில் உண்மை விளங்கியதாகக் கூறப்படுகிறதோ, அங்கெல்லாம் அந்நொடிக்கு முன் எத்தனை பேர் உழைத்தனர் என எண்ணுக. பின்னர் ஏப்ரல் 1953இன் மூன்று கட்டுரைகளையும் ஒருங்கே வைத்துப் பார்க்க.

ஆயர்களாகிய நமக்கு இதில் மற்றொரு பாடமும் உண்டு. நாமும் வரலாறு எழுதுவோர். சபைகளின் நூற்றாண்டு மலர்களை எழுதுவோர் பெரும்பாலும் நாமே. கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியவர் பெயர் அவற்றில் படத்தோடு வருகிறது. வீடு வீடாகச் சென்று சபையைக் கட்டிய வேதாகமப் பெண்களின் பெயர் பல மலர்களில் இல்லவே இல்லை. சில மலர்களில் இறுதிப் பக்கத்தில் ஒரு வரி நன்றி இருக்கும். அவ்வரியைக் காணும்போதெல்லாம் வாட்சனின் இறுதியுரை நம் நினைவுக்கு வருகிறது. பதிவேடுகள் கறையானுக்கு இரையாகுமுன், அறிந்தோர் உயிரோடிருக்கும்போதே, அப்பெயர்களைத் தேடி எழுதுவது நம் கடன்.

நம்மிடம் அக்கேள்வியைக் கேட்ட மாணவி இன்று ஒரு சிற்றூர்ச் சபையில் பணியாற்றுகிறார். அன்று கூடியிருந்த மாணவர்முன் நம் பிழையை அடுத்த வாரமே ஒப்புக்கொண்டோம்; ஆயினும் முதற்கதையைக் கேட்டவர் அனைவரும் அன்று வந்திருக்கவில்லை. அவர்களுள் எவரேனும் இந்த ஏட்டைப் படிக்க நேர்ந்தால், இக்கட்டுரையை அத்திருத்தமாகக் கொள்வாராக.